கிளினிக்கில் நான் சொன்ன பொய்

பல்லுப் பிடுங்கினால்கூட இரண்டு நாளுக்கு இரத்தம் நிற்காத அரிய நோய் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. கல்யாணம் குழம்பிவிடும் என்று அம்மா பயந்ததால் அதைக் கணவரிடமும் மறைத்தேன். வட்டக்கச்சியில் கர்ப்பிணிகள் கிளினிக்கில், "வேற வருத்தம் ஏதும் இருக்கோ?" என்று குடும்பநல மாது கேட்டபோது கணவரின் அம்மா, என் மாமி, பக்கத்தில் இருந்தார். "இல்லை, மிஸி" என்றேன்.

ஏழாம் மாதம் ஒருநாள் காலையில் மூக்கிலிருந்து இரத்தம் ஓடத் தொடங்கியது. மதியமாகியும் நிற்கவில்லை. இருக்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மாமி அழைத்ததும் குடும்பநல மாது ஓடி வந்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ பிள்ளை. குழந்தை பிறக்கேக்க இப்பிடி ஓடினா என்ன செய்யிறது?"

அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னட்டயும் மறைச்சிட்டியே," என்ற மாமி, ஏசாமல் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கு மூக்கிலிருந்து ஓடிய இரத்தத்தை நிறுத்தினார்கள். மாதம் நிறைந்ததும், இரத்தம் உறைவதற்கான மருந்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டே அங்கு பிரசவம் பார்த்தார்கள். மகள் சுகமாகப் பிறந்தாள்.

இப்போது எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் என் நோயைத்தான் சொல்கிறேன். மகளுக்கும் அது இருக்கிறதா என்று பரிசோதிக்க நானும் கணவரும் அவளுடைய இரத்தத்தைக் கொடுத்திருக்கிறோம். முடிவு வரும்வரை மனம் ஓரிடத்தில் நிற்காது. எதுவாக இருந்தாலும் அவளிடம் சொல்வேன். மறைக்கும்படி மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.