நாற்பது டிகிரியில் நத்தார்க் கட்டை

பாரிஸில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவன் டிசம்பரில் லீவு கேட்க மாட்டான். கேட்டால் முதலாளி சிரிப்பான். கிறிஸ்மஸ் என்கிற நத்தாருக்கு முந்திய கிழமைகளில் அந்த ஊரே தின்றுகொண்டிருக்கும். என் அத்தான் கடை வாசலில் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நின்று சிப்பி உடைத்துக் கொடுப்பார். கையுறைக்குள்ளேயே விரல் மரத்துப்போகும் என்பார். உள்ளே போனால் கோழிக்கு மரோன் கொட்டை அடைக்கிற வேலை இருக்கும். மரோன் என்பது ஏறக்குறைய எங்கள் பலாக்கொட்டைதான், கொஞ்சம் இனிப்புக் கூட. அந்த வருஷம் முதலாளி கடையைத் திருத்த ஒரு மாதம் மூடினார். அப்படித்தான் அக்காவும் அத்தானும் மகளும் என்னைப் பார்க்க மெல்பேர்னுக்கு டிக்கெட் போட்டார்கள். இனி ஒரு டிசம்பரில் அவருக்கு லீவு கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் பாரிஸுக்குப் போக வழியில்லை. படகில் வந்தவன், தற்காலிக விசா, வெளியே போனால் திரும்பி உள்ளே எடுக்க மாட்டார்கள். மன்னாரில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு முகாம், கடல், தடுப்புக் காவல். வெளியே விட்ட பிறகு ஷெப்பர்டனில் தக்காளி பிடுங்கினேன், ஹோம்புஷில் தோசைக் கடையில் சட்டி கழுவினேன், கோழித் தொழிற்சாலையில் செட்டை வெட்டினேன். எதிலும் நெடுநாள் நின்றதில்லை. கால் ஊறத் தொடங்கினால் பையைக் கட்டிவிடுவேன். கடைசியாக மெல்பேர்ன் புறநகர் டண்டினோங்கில் ஒரு பூ மொத்தக் கடையில் வேலை, ரோவிலில் ஒரு வீட்டின் பின்பக்க அறை.

எங்கே இருந்தாலும் நத்தார்க் காலையில் அக்கா வீடியோ கோல் எடுப்பாள். பாரிஸில் இன்னும் முதல்நாள் இரவுதான். எல்லோரும் தடித்த சுவெட்டரில் மேசையைச் சுற்றி நிற்பார்கள். நடுவில் அத்தான் செய்த கட்டை இருக்கும். பிரெஞ்சுக்காரர் நத்தாருக்குச் செய்கிற கேக் அது. மெல்லிய கேக்கைப் பாய் சுருட்டுவது போல் சுருட்டி, மேலே சொக்லேட் பட்டர் பூசி, முள்ளுக்கரண்டியால் கீறி, வெட்டிய விறகுக் கட்டை மாதிரி ஆக்குவார்கள். அத்தான் வெட்டுவார், எல்லோரும் கை தட்டுவார்கள், அக்கா ஒரு துண்டைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து, "தம்பி, ஆ காட்டு" என்பாள். நான் வெறும் மேலோடு வியர்த்து வழிந்தபடி வாயைத் திறப்பேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். போனை வைத்த பிறகு பாண் ரொட்டி தின்பேன்.

ஆகவே அவர்கள் வருகிறார்கள் என்றதும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் கட்டை வெட்டப்படும்போது நானும் அந்த மேசையில் நிற்க வேண்டும்.

விமான நிலையத்தில் அத்தான் மூன்று மரோன் பசைத் தகரங்களையும் வெளியே எடுத்து வைத்து, அதிகாரி கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் தகரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் வீட்டிலும் ஒன்று இருந்தால் நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். வெளியே வந்தவர் என்னைக் கட்டிப்பிடித்து, மேலும் கீழும் பார்த்து, "மச்சான், உலகம் சுத்தினவனுக்கு வண்டி வயிறு வைக்கும் எண்டு எனக்குத் தெரியாது" என்றார். அக்கா என் முழங்கையைப் பிடித்தவள் கார் வரைக்கும் விடவில்லை. மருமகள் பதினைந்து வயதுக்காரி. என்னோடு இங்கிலிஷில் பேசினாள், தகப்பனோடு பிரெஞ்சில் சண்டை பிடித்தாள்.

நத்தாருக்கு முந்திய இரண்டு நாளும் வெயில் நாற்பதைத் தொட்டது. வீட்டுக்காரர் தன் குசினியை எங்களிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார். அங்கே ஏசி இல்லை. அத்தான் கேக்கைச் சுட்டு, ஈரத் துவாயில் சுருட்டி, ஆறவிட்டு, மரோன் பசை பூசித் திரும்பச் சுருட்டினார். அதுவரைக்கும் எல்லாம் சரி. மேலே சொக்லேட் பட்டரைப் பூசினார், அது வழிந்தது. ஃபிரிஜ்ஜுக்குள் வைத்தார். நாங்கள் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்து திறந்து, அந்தப் பழைய ஃபிரிஜ்ஜும் சோர்ந்துபோனது. வெளியே எடுத்தபோது கட்டை ஒரு பக்கம் சரிந்து, தட்டில் சேறு மாதிரிக் கிடந்தது.

அத்தான் கதிரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாரிஸில் அவருக்கு ஒரு கட்டையும் பழுதானதில்லை. பிறகு, இது குளிர்காலத்துச் சாமான், இந்த நாட்டுக்குச் சரிவராது, ஐஸ்கிறீம் கேக் ஒன்று வாங்குவோம் என்றார். மருமகள் அந்தச் சேற்றைக் கரண்டியால் அள்ளித் தின்றுகொண்டு, பீச்சில் பார்பிகியூ போடலாமே என்றாள். அக்கா தட்டைக் கழுவப் போனாள். அவள் முதுகைப் பார்த்தால் அழுகிறாள் என்று தெரிந்தது.

நான் அக்காவின் கையிலிருந்து தட்டை வாங்கிக் கழுவினேன். ஐஸ்கிறீம் கேக்கை நான் எந்த வருஷமும் தின்னலாம். பிறகுதான் மூளை வேலை செய்தது. காலையும் மாலையும் நான் எங்கே நின்று வேலை செய்கிறேன்? பூக் கடையின் குளிரறையில். ரோசாப்பூ விரியாமல் இருக்க அங்கே வருஷம் முழுக்க மார்கழி. அத்தானிடம் சொன்னேன்.

"பூவுக்குள்ளயா?" என்றார்.

"நாளைக்கு நத்தாருக்கு முதல்நாள், மத்தியானம் பூ முழுக்க வித்துப்போடும், அத்தான். அறை வெறுமையாக் கிடக்கும்."

"பட்டர் மணத்தை இழுக்கும், மச்சான். லில்லிப்பூ கேக்கா தின்னப்போறாய்?"

"நீங்கள் செய்தால் நான் லில்லியும் தின்பன்."

அவர் எழும்பி முட்டை எத்தனை மிச்சம் இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டார்.

என் முதலாளி இத்தாலியக் கிழவர். போனில் கேட்டபோது, குளிரறையில் கேக்கா என்று இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். மேசையை நன்றாகக் கழுவு, விசிறியை நிறுத்தாதே, எனக்கும் ஒரு துண்டு வை என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை வெயில் ஏறுமுன் அத்தான் கேக்கைச் சுட்டார். சுருட்டிய கேக்கைத் துவாயோடு என் மடியில் வைத்துக்கொண்டு டண்டினோங்குக்குப் போனோம். மத்தியானம் கடைசி லொறி போனதும் நான் சுடுதண்ணீர் ஊற்றி மேசையை மூன்று தரம் தேய்த்தேன். மிச்சமிருந்த யூக்கலிப்டஸ் கிளைகளையும் லில்லி வாளிகளையும் வெளியே கொண்டுபோனேன். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே போனால் மூச்சுப் புகைந்தது. அவர்கள் விமானத்துக்குப் போட்டுவந்த தடித்த கோட்டுகளைப் போட்டுக்கொண்டார்கள். நான் வேலைக்குப் போடுகிற ஜாக்கெட்டைப் போட்டேன். மருமகள் வாயால் புகை விட்டுப் பார்த்துவிட்டு முதல் தரமாகத் தமிழில், "மாமா, இது நத்தார்தான்" என்றாள்.

அத்தான் மரோன் பசை பூசிச் சுருட்டினார். சொக்லேட் பட்டர் கத்தியால் பூசிய இடத்திலேயே நின்றது. இரண்டு முனையையும் சரிவாக வெட்டி, வெட்டிய துண்டைக் கிளை மாதிரிப் பக்கத்தில் ஒட்டினார். பிறகு முள்ளுக்கரண்டியை என்னிடம் நீட்டினார்.

"கீறு."

"எனக்குத் தெரியாது, அத்தான்."

"விறகு வெட்டினனியா, இல்லையா?"

"வெட்டினனான்."

"அப்ப கீறு. மரப்பட்டை எப்பிடி இருக்குமெண்டு பாரிஸ்காரனுக்கு என்ன தெரியும்."

நான் கீறினேன். பாலைமரத்துப் பட்டையை நினைத்துக்கொண்டு அகலமாகவும் கோணலாகவும் கீறினேன். அத்தான் தலையைச் சரித்துப் பார்த்தார். ஒரு கோட்டையும் திருத்தவில்லை. அக்கா ஐசிங் சீனியைத் தூவினாள். அது பனி. உருகவில்லை.

முதலில் சிப்பி. சந்தையில் உடைக்காமல் வாங்கி வந்திருந்தோம். அத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டினார், கத்தி போன வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. மன்னார்க் கடற்கரையில் பிறந்த நான் சிப்பியைப் பச்சையாகத் தின்றது அன்றுதான். எலுமிச்சம்புளி பட்டதும் அது கடலைவிடக் கடலாக இருந்தது. பிறகு மரோன் பசையைப் பிசைந்து வயிற்றில் அடைத்துச் சுட்ட கோழி. அது வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது, இன்னும் இளஞ்சூடு. குளிரில் நின்று அந்த இறைச்சி தின்னும்போதுதான் அந்தச் சாப்பாடுகள் ஏன் அப்படிக் கொழுப்பாக இருக்கின்றன என்று விளங்கியது. உடம்பு கேட்டது.

கட்டையை வெட்ட அத்தான் கத்தியை எடுத்தார். நான் அவருக்கும் அக்காவுக்கும் நடுவில், தோளில் தோள் முட்ட நின்றேன். கத்தி இறங்கியது. உள்ளே கறுப்பும் பழுப்புமாக வட்டம் வட்டமாக, வெட்டிய மரத்தின் வயது போலவே இருந்தது. அக்கா ஒரு துண்டை எடுத்தாள். என் வாய்க்குள் வைத்தாள். கொஞ்சம் லில்லி மணம் இருந்தது. நான் முழுக்க விழுங்கினேன். அத்தான் தானே தின்றுபார்த்து, "லில்லி" என்றார். எல்லோரும் சிரித்தோம். தகரக் கூரைக்கு அடியில் அந்தச் சிரிப்பு பெரிதாகக் கேட்டது.

முதலாளிக்கு ஒரு துண்டை மூடி வைத்தோம். மிச்சத்தை என்ன செய்வது என்று மருமகள் கேட்டாள். கதவுக்கு வெளியே கொண்டுபோனால் ஐந்து நிமிஷம் தாங்காது. பத்துப் பேருக்குச் செய்த கட்டை, தின்ன நாலு பேர். அத்தான் கோட்டுப் பொத்தானைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தினார். "வெளியில ஒண்டும் போகக்கூடாது" என்றார். அக்கா பின்னேர நத்தார்ப் பூசைக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே அடுத்த துண்டை என் தட்டில் வைத்தாள். நான் அதைத் தின்றேன். அதற்கடுத்ததையும் தின்றேன்.