எண்பதா, எண்பத்தெட்டா?

என் தம்பி தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று தடவை கோட்டை விட்டவன். அப்பேர்ப்பட்டவன், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

"உனக்கே நீச்சல் தெரியாது. நீ பிள்ளைய ஆத்துல இறக்கப் போறியாடா?" என்று கேட்டேவிட்டேன்.

ஆனால் வாண்டைப் பள்ளியில் வைத்திருக்கவும் முடியவில்லை. ஆறு வயது. நூறு வரை எழுதச் சொன்னால் பாதியிலேயே நிறுத்தி, "இதுக்கு மேலயும் இப்படியேதான் டீச்சர் வரும்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பிகளை எண்ணிப் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். தண்டனையாக மறுபடியும் நூறு வரை எழுத வைத்தார்கள். காலையானால் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது.

அப்புறம் கூடம்தான் வகுப்பறை. அம்மாக்காரி ஆய்வுக்கூட வேலை முடிந்து வந்து வாசிப்பைப் பார்த்துக்கொண்டாள். கணக்கு மட்டும் தம்பியுடையது. வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு மணி நேரம், மீந்த டைல்ஸை வைத்து நடக்கும். மாடியிலிருந்து நான் இறங்கி வந்தால் கால் வைக்க இடமிருக்காது.

"அத்தை, பதினாறு சமத்து. சதுரமா உக்காந்துக்குது. பதினேழுக்குப் பிடிவாதம். ஒரே வரிசையாத்தான் நிப்பேங்குது."

நான் அடுப்பில் பாலை வைத்ததை மறந்து, பதினெட்டை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பால் பொங்கி வழிந்த நாட்கள் எத்தனையோ. எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

வருடத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சோதிப்பார்கள். தேறாவிட்டால் அடுத்த திங்கட்கிழமையே பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும். சோதனை நாளன்று காலை தம்பி சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான்.

வந்தவர் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். வாசிக்கச் சொன்னார், வாண்டு வாசித்தாள். பிறகு தரையில் கிடந்த டைல்ஸைப் பார்த்துக் கேட்டார்: "பத்தடி நீளம், எட்டடி அகலம், ஒரு ரூம். ஒரு அடிச் சதுர டைல் எத்தனை வேணும்?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

"எண்பத்தெட்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"எண்பத்தெட்டுதான் மேடம்."

"சரி. இருபது பிள்ளைங்க, ஆளுக்கு மூணு பென்சில். மொத்தம் எத்தனை?"

"அறுபத்தாறு."

காகிதத்தில் இரண்டு தப்புக் குறிகள் விழுந்தன. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏன்டி, நேத்து ஆயிரம் வரைக்கும் பறந்தியே, இன்னிக்கு என்னடி ஆச்சு?"

வாண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அத்தை, எண்பது ஒட்டுறதுக்கு. எட்டு சேதாரத்துக்கு. பென்சிலும் உடையும்ல?"

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். டைல்ஸ்காரன் எதை எண்ணினாலும் உடைசலுக்கென்று பத்துக்கு ஒன்று கூட்டித்தான் எண்ணுவான். அது தொழில் வழக்கம், கணக்குப் புத்தகத்தில் கிடையாது என்று பிள்ளைக்குச் சொல்லவே இல்லை, படுபாவி.

"அவ மேல தப்பில்ல மேடம். நான் சொல்லிக்கொடுத்ததுதான் கோணல்," என்றான்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க சமையலறைக்குச் சரியா எண்ணி வாங்கினேன். உடைஞ்சதுல ஆறு பத்தல. திரும்பப் போனா அந்தக் கலரே இல்ல. அடுப்புப் பக்கத்துல இன்னிக்கும் ஆறு மட்டும் வேற கலர்."

சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வாண்டு மட்டும் சிரிக்காமல், "உங்க ரூம் எத்தனை அடி மேடம்?" என்று கேட்டாள்.

அதன் பிறகு சேதாரம் இல்லாமல் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றும் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. அம்மாள் தப்புக் குறிகளை அடித்து நீக்கிவிட்டு, இன்னும் ஒரு வருடம் வீட்டிலேயே படிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வருஷம் பார்க்கலாம், வாத்தியார் சார்," என்றார்.

தம்பி திரும்பித் தன் பின்னால் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"உன்னத்தான்டா சொல்றாங்க," என்றேன்.