முக்கால் மணி நேரத் தூரம்

யோகராணியின் சிட்னி ஹோம்புஷ் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு எதிர்ச்சுவரில், ஆஸ்திரேலிய வரைபடம் ஒன்று தொங்கியது. அதன் வடக்கு உச்சியில் இரண்டு இடங்களுக்கு அவள் குங்குமம் வைத்திருந்தாள். ஒன்று க்ரூட் தீவு. அங்கே சுரங்கத்தில் அவள் கணவன் சிவமணி பொறியியலாளர். மற்றது கோவ், அங்கே அவனுடைய அண்ணன் சச்சிதானந்தன் பள்ளி ஆசிரியர். இரண்டுக்கும் நடுவே விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். சிட்னி அலுவலகம் ஒன்றில் நாளெல்லாம் தட்டெழுதிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்புகிறவளுக்கு அந்த நெருக்கம்தான் ஆறுதல். 'நான் தூரத்தில் இருந்தாலென்ன, அவருக்கு அண்ணன் பக்கத்தில் இருக்கிறாரே!'

எழுபத்தேழாம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தீவு ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. சிவமணிக்கு மாரடைப்பு. விமானத்தில் ஏற்றும் நிலையில் இல்லை. "அண்ணனைப் பார்க்க வேண்டும் என்கிறார். உடனே வரச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர்.

அவள் போய்ச் சேர இரண்டு நாளாகும். சச்சிதானந்தனோ அன்று மத்தியான விமானத்திலேயே போகலாம். அவரை அழைத்தாள். ஆனால், வெளியூரில் இருப்பவருக்குக் கெட்ட செய்தியை எடுத்த எடுப்பில் சொல்லக்கூடாது என்றுதானே வளர்த்திருந்தார்கள்? அவருக்கும் இரத்த அழுத்தம் வேறு.

"அத்தான், இவருக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்."

அவர் சிரித்தார். "தடிமன் காய்ச்சல் வந்தாலே சாகப்போறன் எண்டு அழுறவன்தானே அவன்! நாளைக்குப் பள்ளிக்கூடத்தில சோதனை. வியாழக்கிழமைப் பிளேனில போறன், பிள்ளை. பக்கத்தில தானே கிடக்கிறான்."

'இல்லை, இன்றைக்கே போங்கோ' என்ற சொல் தொண்டை வரை வந்தது.

"ஓம் அத்தான்" என்றாள்.

உடுத்திருந்த சேலையோடு யோகராணி புறப்பட்டாள். புதன்கிழமை இரவு டார்வினில் இறங்கி ஆஸ்பத்திரியை அழைத்தபோது, எல்லாம் முடிந்திருந்தது. கடைசிவரை சிவமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

வியாழக்கிழமை அவள் ஏறிய விமானம் வழியில் கோவ் விமான நிலையத்தில் நின்றது. கையில் ஓர் எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலோடு சச்சிதானந்தன் படியேறி வந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நீயும் வந்திட்டியே! இதுக்குப் போய் லீவெடுத்தனியே? பார், தேசிக்காய் ஊறுகாய். காய்ச்சல்காரனுக்கு வாய் கைக்குமெல்லே?"

விமானம் மேலெழுந்தது. கீழே நீலக்கடல் விரிந்தது. இறங்கிய பிறகு சொல்லலாமா, டாக்டரையே சொல்ல வைக்கலாமா? மறுபடியும் அதே பழக்கம் அவள் நாக்கைப் பிடித்து இழுத்தது. அந்த நாக்கை அவள் பல்லால் கடித்தாள்.

"அத்தான், அவர் நேற்றே போயிட்டார். மாரடைப்பு. உங்களைத்தான் கேட்டவராம். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சுப்போட்டன்."

அவர் அழவில்லை. அவளை ஏசவுமில்லை. போத்தலை மடியில் வைத்து, மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தார். பணிப்பெண் கொடுத்துவிட்டுப் போன தேநீர் ஆறுவதற்குள் தீவின் செம்மண் கரை தெரிந்தது. விமானம் தரையைத் தொட்டது. மற்றவர்கள் எழுந்து இறங்கினார்கள். அவர் மட்டும் எழும்பவில்லை.

"இவ்வளவு தூரம்தானே, பிள்ளை" என்றார். அப்போதுதான் அவருடைய குரல் உடைந்தது.