மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னேன்

நான் சொன்னது இவ்வளவுதான்: "மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சும்மா. எல்லாம் இந்த மூச்சுதான்." சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் யோகா ஹாலில், பாயைச் சுருட்டிக்கொண்டே, பக்கத்துப் பாயில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். வாரம் ஒருமுறை போடவேண்டிய அந்த மாத்திரையை முந்தின நாள்தான் விழுங்கியிருந்தேன்.

எனக்குச் சரவாங்கி, மூட்டுகளை வீங்கவைத்து முடக்கும் வாதம். மூன்று வருஷமாகக் காலையில் விரல் மடங்காது. ஜாக்கெட் ஊக்கு மாட்ட ஒரு யுத்தம், குளியலறைக் குழாயைத் திருப்ப இன்னொரு யுத்தம். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். சாக்பீஸ் கையிலிருந்து நழுவி விழும்போதெல்லாம் முன் பெஞ்சுப் பிள்ளைகள் ஓடிவந்து பொறுக்கித் தருவார்கள். அந்தப் பரிதாபத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோயைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், மாத்திரை சாப்பிடுகிறவள் என்ற பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை. வீண் ஜம்பம், வேறென்ன.

மூட்டு டாக்டர்தான் யோகா ஹாலுக்கு அனுப்பினார். "டென்ஷன் ஜாஸ்தியானா வீக்கமும் ஜாஸ்தியாகும் டீச்சர். மூச்சையும் கொஞ்சம் கவனிங்க" என்றார். சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் போய்வந்தேன். கைமூட்டு, தோள், கணுக்கால் என்று மெல்லச் சுழற்றுவோம். பிறகு நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவோம். பொய் சொல்லக்கூடாது, அது வேலை செய்தது. தூக்கம் வந்தது, கோபம் குறைந்தது. அதே மாதம் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார் என்பதும் உண்மை. இரண்டில் எது எவ்வளவு என்று கணக்கு டீச்சரான எனக்கே தெரியாது.

வகுப்பு நடத்திய யோகா டாக்டர் சின்ன வயசுப் பெண். முடிக்கும்போதெல்லாம், "மாத்திரைய யாரும் தானா நிறுத்தாதீங்க. இது அதுக்குத் துணை, அதுக்குப் பதில் இல்ல" என்பார். எல்லோரையும்போல நானும் தலையாட்டுவேன்.

பக்கத்துப் பாய்க்காரி குமராட்சிப் பக்கம். நடவு, களையெடுப்பு என்று வயலில் நின்ற கால்கள். என்னைவிடப் பத்து வயசு சின்னவள். மினிபஸ்ஸில் வருவாள். எனக்குத் தரும் அதே மாத்திரைதான் அவளுக்கும். போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டும், கஞ்சிகூட இறங்காது, ஒருநாள் வேலை போய்விடும் என்பாள். அன்று என் விரல்கள் முழுசாக மடங்கியதை எல்லோருக்கும் காட்டி யோகா டாக்டர் பாராட்டினார். கைதட்டினார்கள். அந்தச் சூட்டோடுதான் அவள் கேட்டாள், "எப்டி டீச்சர்? மாத்திர போடறீங்களா இன்னும்?" கைதட்டல் காதில் இருக்கும்போது எந்த மடச்சிக்கு உண்மை வாயில் வரும்?

அடுத்த சனிக்கிழமை வந்தவுடன் என் காதருகே குனிந்தாள். "நானும் வுட்டுட்டேன் டீச்சர். இந்த வாரம் வாந்தியே இல்ல, ஒருநாள் கூடுதலா வேலைக்குப் போனேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். யோகா டாக்டர் உள்ளே வந்துவிட்டார், கண்ணை மூடச் சொன்னார். நாலு இழுத்தேன், ஆறு விட முடியவில்லை. வகுப்பு முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். முடிந்தபோது அவள் மினிபஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த இரண்டு வாரமும் நன்றாகவே இருந்தாள். ஒருவேளை அவளுக்கு நிஜமாகவே சரியாகிவிட்டதோ என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். அந்த மாத்திரையின் வேலை உடம்பை விட்டுப் போக நாளாகும் என்று எனக்குத் தெரியாதா என்ன!

நாலாவது வாரம் வரவில்லை. ஐந்தாவது வாரமும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அந்த வாரத்தில் எனக்கு மாத்திரை போட்டும் தூக்கமில்லை, மூச்சு இழுத்தும் தூக்கமில்லை. லீவு போட்டுவிட்டுக் குமராட்சிக்கு மினிபஸ் ஏறினேன்.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்காலும் வீங்கிப் பளபளத்தன. மணிக்கட்டைத் தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலக் கொதித்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. என்னைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததுதான் தாங்கவில்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்க டீச்சர். காலையில, சாயங்காலம் ரெண்டு வேளையும் செய்யறேன், ஒருநாள்கூட வுடல. எங்கயோ தப்பா செய்யறேன்போல. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்து முதுகை நிமிர்த்தினாள், கண்ணை மூடினாள், மூச்சை இழுத்தாள். நான் செய்ததை எழுதவே கூசுகிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணினேன். "தோள தூக்காத" என்று திருத்தம்கூடச் சொன்னேன். டீச்சர் புத்தி. மூன்றாவது சுற்றில் வலி தாங்காமல் அவள் கண்ணோரம் நனைந்தது. "போதும், கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று ஆட்டோ பிடிக்க வெளியே ஓடினேன். சிதம்பரம் வரும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகியது. டாக்டர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.

மூட்டு டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்தார். சீட்டைப் புரட்டினார். "மாத்திரை வாங்கி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே. யாரு நிறுத்தச் சொன்னது?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "யாரும் சொல்லல டாக்டர். நானாதான் நிறுத்தினேன். மூச்சு செஞ்சா போதும்னு நெனச்சேன். டீச்சருக்கு நல்லா வருது, எனக்குத்தான் சரியா வரமாட்டேங்குது."

"இது மூட்டையே தின்னுடும்மா. போனது திரும்பி வராது" என்று டாக்டர் குரல் உயர்த்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு விழவேண்டிய திட்டை அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நொடியில் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

"டாக்டர், திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "நிறுத்திட்டேன்னு நான்தான் இவகிட்டச் சொன்னேன். பொய். நான் ஒரு வாரம்கூட நிறுத்தினதில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். வைவாள் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப, நான் மூச்சு சரியாத்தான் செஞ்சனா டீச்சர்?"

"சரியாத்தாம்மா செஞ்ச."

அவள் தலையசைத்தாள். பிறகு, என் தோளில் இருந்த கையை எடுத்து, நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.