நோகாமல் பிரியும் பசை

ஆப்பிளைக் கடிப்பதற்கு முன்னால் அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அண்ணி பிரிக்கிறார். நகத்தால் சுரண்டுவதில்லை. ஓரத்தைக் கிளப்பி, மேலே தூக்காமல், அதன் முதுகின் மீதே மடித்துப் பின்பக்கமாக மெல்ல இழுக்கிறார். வந்ததும் பழத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். "மிச்சம் வைக்காம வந்திருச்சு. பொறுப்பான ஆளு யாரோ பசை காய்ச்சியிருக்காங்க." அதற்குப் பிறகுதான் பழம் வாய்க்குப் போகும். புதுத் தட்டின் விலைச்சீட்டு, ஜாடியின் லேபிள், பார்சல் டேப் எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். அவசரமாக இருந்தால் எங்கள் வீட்டில் யாரும் பார்சலை அவர் கையில் கொடுப்பதில்லை.

என் அண்ணனின் மனைவி அவர். வேதியியல் படித்துவிட்டு, மருத்துவப் பிளாஸ்திரி செய்யும் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். அண்ணன் அவரைக் கூப்பிடுவது 'பசையம்மா' என்று. அண்ணியின் இடது முன்கையில் ஒரு முடிகூடக் கிடையாது. புதுப் பசை எது வந்தாலும் முதலில் அந்தக் கையில்தான் ஒட்டும். பிளாஸ்திரியை இரும்புத் தகட்டில் ஒட்டி உரித்து, எவ்வளவு பலம் என்று சொல்ல அங்கே இயந்திரம் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கை என்று ஒருமுறை கேட்டேன். "இரும்புக்கு வலிக்குமா தம்பி?" என்றார்.

பசை என்பது கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளும் சமாசாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"கொக்கியெல்லாம் இல்ல. ஒரு மூலக்கூறு இன்னொண்ணு பக்கத்துல போனா, ரெண்டுக்கும் நடுவுல லேசா ஒரு இழுப்பு வரும். தனியா பாத்தா ஒண்ணுமே இல்ல. கோடிக்கணக்குல பக்கம் பக்கமா உக்காந்துட்டா, தோலே கிழிஞ்சாலும் விடாது."

அன்றைக்கு அது பேச்சுக்குச் சொன்னதுதான்.

அப்பா தையற்கடை வைத்திருந்தவர். போன வருடம் நோயில் விழுந்தார். மருந்து ஏற்றப் புறங்கையில் ஊசிக்குழாய் செருகி, அதை நகராமல் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தார்கள். நர்ஸம்மா தினமும் வீட்டுக்கு வந்து பழையதைப் பிரித்துப் புதிது போடுவார். ஒரு நாள் பிளாஸ்திரியோடு தோலும் வந்துவிட்டது. வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லியதாக ஒரு நீளத் துண்டு. அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். "வயசானவங்க தோலு, என்ன செய்யட்டும் நான்?" என்று நர்ஸம்மாதான் கலங்கினார்.

அண்ணி பிளாஸ்திரி ரோலை எடுத்து உள்வளையத்தில் அச்சிட்டிருந்த பெயரைப் பார்த்தார். "எங்க ரோல்தான்," என்றார்.

குளித்தாலும் போகாது என்று பெயர் வாங்கிய ரோல் அது. அந்தப் பெயருக்காக அதன் பசையை முறுக்கேற்றியவர் அண்ணியேதான். ஆலையில் அதற்குக் கைதட்டிப் பாராட்டியிருந்தார்கள். அன்று சாப்பாட்டு மேசையில் அவர் விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னார்: "ஒட்டின உடனே பரவாயில்ல. நேரம் ஆக ஆக அந்தப் பசை தோலோட வரிக்குள்ள எல்லாம் இறங்கி உக்காருது. தோலோட அடுக்கு ஒண்ணையொண்ணு புடிச்சிருக்கிறதை விட, பசை தோலைப் புடிச்சிருக்கிறது பலமாயிடுது. எது வலுவோ அது ஜெயிக்குது." அதற்குப் பிறகு தட்டில் இருந்ததைத் தொடவில்லை.

பலம் குறைந்த பசை வேண்டும் என்று மேலாளரிடம் போய்க் கேட்டார். "ஒட்டுறதுக்குத்தானேம்மா வாங்குறாங்க," என்றாராம் அவர். "நோகாம பிரியும்னு அட்டையில எழுதினா, தானா பிரிஞ்சிரும்னு படிப்பாங்க."

"இப்பவே தோலையும் சேத்துத்தான் பிரிச்சுக் குடுக்குறோம் சார். அதையும் எழுதிடலாமா?"

மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, செய்து பார்க்கச் சொன்னார்.

வேறு ஆலைகளில் மென்மையாகப் பிரியும் சிலிக்கோன் பசை ஏற்கெனவே உண்டு. அண்ணியின் ஆலையில் யாரும் அதைத் தொட்டதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணி அதை அப்பாவுக்கு விளக்கினார். "நல்லா வளையிற சங்கிலி மாமா அது. சங்கிலி முழுக்க, சுத்தி சின்னச் சின்னதா குடை விரிச்ச மாதிரி இருக்கும். கூட்டத்துல எல்லாரும் குடை புடிச்சுக்கிட்டு நின்னா எப்படி? நெருங்குவாங்க, ஆனா நெருக்க முடியாது. அதனால இழுப்பு கம்மி."

அப்பா யோசித்தார். "பிரிக்கிறதுக்குன்னே ஒரு தையல் போடுவோம்மா. அளவு சரியான்னு பாக்குற வரைக்கும் துணி நகராம நிக்கணும், பிரிச்சா துணியில தடம் தெரியக் கூடாது. அதை இறுக்கி அடிக்கிறவனுக்கு வேலை தெரியலன்னு அர்த்தம்."

அண்ணி தன் கையில் பல வாரம் ஒட்டிப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் கேட்டு, நர்ஸம்மாவை வைத்து அப்பாவுக்கு ஒட்டினார். மறுநாளே அது வழுக்கிக்கொண்டது. ஊசிக்குழாய் வெளியே வந்து, மருந்தும் ரத்தமுமாகப் படுக்கை நனைந்துவிட்டது. மறுபடியும் ஊசி குத்த வேண்டியதாயிற்று. அண்ணன் விரிப்பை உருவிக்கொண்டே கத்தினார்.

"ஒத்திகை பாக்க எங்க அப்பாதான் கெடச்சாரா உனக்கு?"

அண்ணி நனைந்த விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றார். அதற்குப் பிறகு சில நாள் அண்ணன் 'பசையம்மா' என்று கூப்பிடவேயில்லை. சமையலறையில் பாத்திரங்கள் மட்டும் பேசின. சமாதானம் செய்துவைத்தது அப்பாதான். "என் கைடா இது. யாரு ஒட்டணும்னு நான் சொல்றேன். அவ ஒட்டட்டும்."

சிலிக்கோன் சங்கிலி தொளதொளவென்று இருந்ததுதான் தப்பு என்று அண்ணிக்குப் புரிந்தது. அதோடு கெட்டிப் பிசினைக் கூடுதலாகச் சேர்த்தார். கூடினால் பழையபடி முரட்டுப் பிடி, குறைந்தால் வழுக்கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடம் இருக்கிறது. அதைத் தேடி அவருடைய இடது கை சிவந்து, ஆறி, மறுபடி சிவந்தது. பிறந்த குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் என்று அந்த ரோல் இப்போது ஆலையில் தனியாக ஓடுகிறது. மேலாளர் அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. "சொல்லிட்டுப் போகட்டும் தம்பி, அவரு சொன்னாத்தான் விக்கும்," என்கிறார் அண்ணி. அப்பா தேறி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, யார் சட்டையில் எந்தத் தையல் கோணல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பக்குவம் சரியான அந்தப் பிளாஸ்திரியை அப்பாவின் கையிலிருந்து முதன்முதலாகப் பிரித்த காலையில் நானும் அறையில் இருந்தேன். அண்ணன் வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. நர்ஸம்மா நாற்காலியை இழுத்துப் போட்டதுமே அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடி, மறுகையால் போர்வையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா ஓரத்தைக் கிளப்பினார். சத்தமே இல்லாமல் எழுந்து வந்தது. அடியில் தோல் தோலாகவே இருந்தது.

"எடும்மா சீக்கிரம்," என்றார் அப்பா.

"எடுத்தாச்சு ஐயா."

அப்பா நம்பவில்லை. கண்ணைத் திறக்காமல் வலிக்காகக் காத்திருந்தார். அண்ணி கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்து, போர்வையைப் பற்றி இறுகியிருந்த அவருடைய விரல்களை, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விரித்துவிட்டார்.