அழுத்தாத பொத்தான்

என் சின்ன நாத்தனார் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். பயந்த சுபாவம். வேலை முடிந்து சுரங்கப்பாதையைக் கடக்கும்போதெல்லாம் போனின் ஓரத்திலிருக்கும் பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடியே நடப்பாள். அழுத்தினால் உடனே எங்கள் வீட்டுக்கு அழைப்பு வரும்.

அந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினீர்கள் என்று போன் கம்பெனி வாடிக்கையாளர்களிடம் கருத்துக் கேட்டது.

“ஒரு தடவைகூட இல்லன்னு உண்மையத்தான் சொன்னேன் அண்ணி.”

எல்லோரும் அதையே சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் தேவையில்லை என்று அந்த மகா புத்திசாலிகள் புது மாடலில் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். அதன்மேல் வைத்திருந்த விரல்களை எவன் எண்ணினான்?

நேற்று புதுப் போனோடு வேலைக்குப் போனவள், மூச்சு வாங்க வீட்டுக்குள் ஓடி வந்தாள்.

“பின்னாடியே ஒருத்தன் வந்தான் அண்ணி.”

கதவைத் தாழிட்ட பிறகும் அவள் கட்டைவிரல் போனின் வழவழப்பான ஓரத்தை அழுத்திக்கொண்டே இருந்தது.