தண்ணீர் இல்லாத வெள்ளம்

எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா அன்று காலை, தோட்டத்துக்கு வரும் கம்போங் குவாந்தான் சாலை வெள்ளத்தில் மூழ்கிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. வீடியோவின் மேலே அம்மன் படம் ஒட்டியிருந்ததால் அப்படியே நம்பிவிட்டேன். இனி வெளியூர்க்காரர்கள் எப்படி வருவார்கள் என்று அன்னதான அரிசியைக் குறைக்கச் சொன்னேன்.

பள்ளி வேன் ஓட்டும் என் மனைவி என் போனை வாங்கி அந்த வீடியோவைப் பார்த்தாள். "என்னங்க, காரெல்லாம் வலது பக்கமா போகுது. இது நம்ம நாடே இல்ல!"

உடனே அந்தச் சாலையோரம் குடியிருக்கும் மச்சானை அழைத்தேன்.

"வெள்ளமா? இங்க ரோட்ல மொளகா காயப்போடலாம் லா!"

அவர் அனுப்பிய காய்ந்த சாலையின் படத்தை எல்லாருக்கும் அனுப்பினேன். அரிசியையும் பழைய அளவுக்கே போடச் சொன்னேன்.

மதியம் பந்தல் நிரம்பியது. "நீந்தி வந்த பசி மச்சான், இன்னும் ஊத்துங்க!" என்று சாலையோரத்து மச்சான் இலையைக் காட்டினார். சாம்பார் வாளியோடு நின்று சிரித்தேன். அன்று அம்மனுக்கு நான் செய்த முதல் தொண்டு, போன் போட்டு விசாரித்ததுதான்.